ஏமி கார்மைக்கேல்

ஏமி வில்சன் கார்மைக்கேல் (டிசம்பர் 16, 1867 – ஜனவரி 18, 1951) அயர்லாந்தில் பிறந்து, தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டத்தில் பணிபுரிந்த கிறித்தவ மறைப்பணியாளரும் எழுத்தாளரும் ஆவார். 1895-ஆம் ஆண்டு இந்தியா வந்த இவர், இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த சிறுமிகளுக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் டோனாவூரில் இல்லம் அமைத்தவர் என்ற வகையிலேயே இவர் பெரிதும் அறியப்படுகிறார். ஆயினும் இவருடைய வாழ்வின் கடைசி இருபது ஆண்டுகள் நோய்ப்படுக்கையில் கழிந்தன என்பதும், அக்காலத்தில் நோயுற்றோருக்கென இவர் எழுதிய நூல்களே உலகின் பல பகுதிகளில் இவரை அறிமுகம் செய்தன என்பதும் தமிழில் அதிகம் எழுதப்படாத செய்திகள். டோனாவூர் மக்கள் இவரை அம்மா என்றே அழைத்தனர்.

பிறப்பும் இளமையும்

ஏமி, இன்றைய வட அயர்லாந்தில் உள்ள டவுன் கவுண்டியின் மில்லைல் என்னும் கடலோரச் சிற்றூரில் பிறந்தார். தந்தை டேவிட் கார்மைக்கேல் மாவு ஆலை நடத்தியவர், தாய் கேத்தரின். ஏழு பிள்ளைகளில் ஏமியே மூத்தவர். குடும்பம் பிரெசுபிட்டேரியன் சபையைச் சார்ந்தது. இங்கிலாந்தின் யார்க்சையரில் உள்ள ஆரகேட் நகரில், மெதடிஸ்டு சபையாரின் உறைவிடப் பள்ளியில் ஏமி சில ஆண்டுகள் படித்தார். தொழிலில் நொடிப்பு ஏற்படவே பள்ளிப் படிப்பு நின்றது. குடும்பம் பெல்பாஸ்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1885-இல் தந்தை நிமோனியாவால் இறந்தார். பதினேழு வயதில் தம்பி தங்கையரைக் கவனிக்கும் பொறுப்பில் ஒரு பங்கு ஏமியின் மீது விழுந்தது.

கண்களின் நிறத்தைப் பற்றிய கதை ஒன்று தமிழ்நாட்டு ஞாயிறு பள்ளிகளில் இன்றும் சொல்லப்படுகிறது. தாயைப் போல் நீல நிறக் கண் வேண்டும் எனச் சிறுவயதில் ஏமி வேண்டிக்கொண்டார் என்றும், அது கிடைக்காமற்போனது பிற்காலத்தில் தமிழ்ப் பெண்போல் உடையணிந்து கோயில் நகரங்களில் உலவ உதவியது என்றும் அக்கதை கூறும். இவரைப் பற்றி வேறெதுவும் அறியாதவர்களும் இதனை அறிந்திருப்பர். இவர் வாழ்வில் இதைவிடக் கனமான நிகழ்ச்சிகள் பல உள.

பெல்பாஸ்ட் ஆலைப் பெண்கள்

ஏமியின் பிற்கால வாழ்க்கையை விளங்கிக்கொள்ள பெல்பாஸ்ட் காலம் முக்கியமானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தம்பியருடன் வீடு திரும்பும்போது, கந்தலுடுத்திய முதியவள் ஒருத்தி கனத்த மூட்டையுடன் தள்ளாடி வருவதை இவர் கண்டார். மூவரும் அவளுக்கு உதவினர். எதிரே வந்தவர்களோ அதே ஆலயத்திலிருந்து வந்த மதிப்புக்குரிய குடும்பத்தினர். அவர்கள் பார்வையில் பட நேர்ந்ததால் ஏமிக்கு மிகுந்த வெட்கம் உண்டாயிற்று. அன்று பிற்பகல் அந்த வெட்கத்தைப் பற்றியே தனித்திருந்து சிந்தித்ததாக இவர் பின்னாளில் எழுதினார். எந்த வேலை தீயில் சோதிக்கப்பட்டாலும் நிலைக்கும், எது எரிந்துபோகும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் வரும் பகுதி அப்போது இவர் மனத்தில் பதிந்தது.

அக்காலத்தில் பெல்பாஸ்ட் லினன் நெசவுத் தொழிலின் பெருநகராக இருந்தது. நெசவாலைகளில் நீண்ட நேரம் உழைத்த இளம்பெண்களுக்குத் தொப்பி வாங்க வசதியில்லை. தலையைச் சால்வையால் மூடிக்கொண்டு வந்தனர். தொப்பியின்றி ஆலயத்துக்கு வருவது மரியாதைக் குறைவாகக் கருதப்பட்ட காலம் அது. இப்பெண்களுக்காக ரோசுமேரி தெரு ஆலயத்தின் கூடத்தில் ஏமி ஞாயிறு வகுப்பு தொடங்கினார். சபையில் சிலர் இதனை விரும்பவில்லை. ஆயினும் கூட்டம் பெருகிற்று. ஐந்நூறு பேர் அமரக்கூடிய இடம் தேவைப்பட்டது. ஐந்நூறு பவுண்டுக்கு இரும்புத் தகட்டாலான கூடம் ஒன்று கிடைக்கும் என்ற விளம்பரத்தை ஏமி கண்டார். கேட் மிட்செல் என்னும் பெண்மணி அத்தொகையையும், ஆலை முதலாளி ஒருவர் நிலத்தையும் அளித்தனர். 1880களின் பிற்பகுதியில் எழுந்த அக்கூடம் வெல்கம் ஹால் எனப்பட்டது. அது தொடங்கிய சபை இன்றும் பெல்பாஸ்டில் உள்ளது.

இத்தகைய பணி ஏமியின் உடல்நலத்தைக் கெடுத்தது. 1889-இல் மான்செஸ்டர் நகரின் சேரிப்பகுதியில் இதே போன்ற பணிக்குச் சென்றபோது நரம்பு வலியால் படுக்கையில் விழ நேர்ந்தது. அதன்பின் இங்கிலாந்தின் கம்பர்லாந்தில், கெசிக் மாநாட்டைத் தொடங்கியோருள் ஒருவரான இராபர்ட் வில்சன் இவரைத் தம் மகளாக ஏற்றுத் தம் வீட்டில் தங்கவைத்தார். ஏமியின் பெயரில் வில்சன் சேர்ந்தது இதனாலேயே.

ஜப்பான்

1892-இல் வெளிநாட்டுப் பணிக்குச் செல்ல ஏமி முடிவு செய்தார். சீன உள்நாட்டு மிஷன் மருத்துவச் சோதனையில் தகுதியில்லை என இவரைத் திருப்பியனுப்பியது. பிறகு 1893-இல் ஜப்பானுக்குச் சென்று, மட்சுவே நகரில் பார்க்ளே பக்ஸ்டன் குழுவினருடன் ஓராண்டுக்கு மேல் பணிபுரிந்தார்.

அங்கு நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. குளிர்காலத்தில் ஒரு நாள் நோயுற்றிருந்த மூதாட்டி ஒருவரைக் காண ஜப்பானியத் துணையாளருடன் ஏமி சென்றார். மூதாட்டி ஆவலுடன் கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென ஏமியின் கைகளில் இருந்த மென்மயிர்க் கையுறைகள் அவர் கண்ணில் பட்டன. பேச்சு கையுறையைப் பற்றியதாக மாறிவிட்டது. மீண்டும் அவர் மனத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலவில்லை. வீடு திரும்பிய ஏமி மேனாட்டு உடையைக் களைந்து கிமோனோ அணியலானார். வேதனையில் இருப்பவருக்கும் தாம் சொல்லவந்த செய்திக்கும் இடையே தம் உடைகூட நிற்கலாகாது என்பது இவர் கருத்து. பின்னாளில் தமிழ்நாட்டில் சேலை உடுத்தியமைக்கும் இதுவே காரணம். தமிழ்நாட்டின் பழைய மறைப்பணி வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்விடத்தில் மதுரையில் காவியுடுத்த இராபர்ட் தே நொபிலி நினைவுக்கு வரக்கூடும். ஆனால் நொபிலி முதலில் நாடியது கற்றறிந்த மேற்குலத்தாரை. ஏமியை இதற்குத் தூண்டியவர் நோயாளியான ஒரு கிழவி.

ஜப்பானிலும் உடல்நலம் கெட்டது. இலங்கையில் சிறிது காலம் தங்கியபின், வளர்ப்புத் தந்தை நோயுற்ற செய்தி அறிந்து 1894-இன் இறுதியில் ஊர் திரும்பினார்.

இந்தியா வருகை

இங்கிலாந்து திருச்சபையின் செனானா மிஷன் சங்கம் இவரை இந்தியாவுக்கு அனுப்ப இசைந்தது. 1895 நவம்பரில் சென்னையில் இறங்கி பெங்களூர் சென்றார். வந்தவுடனேயே டெங்குக் காய்ச்சல் கண்டது. பெங்களூரில் ஐரோப்பியரின் தேநீர் விருந்துகளும் பேச்சும் இவருக்கு ஒவ்வவில்லை. தமிழறிஞராகவும் கண்டிப்பானவராகவும் பெயர்பெற்ற தாமஸ் வாக்கர் என்னும் சி.எம்.எஸ். மிஷனரி, திருநெல்வேலிக்கு வந்தால் தமிழ் கற்பிப்பதாகக் கூறினார். 1896-இன் இறுதியில் ஏமி திருநெல்வேலிச் சீமைக்கு வந்து சேர்ந்தார்.

பண்ணைவிளை என்னும் ஊரை மையமாகக் கொண்டு, தமிழ்ப் பெண்கள் சிலருடன் மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்று பணிபுரிந்தார். இக்குழுவுக்கு நட்சத்திரக் கூட்டம் என்ற பெயர் ஏற்பட்டது. இதில் தலையாயவர் பொன்னம்மாள். கிறித்தவக் குடும்பத்தில் இளவயதில் கணவனை இழந்து, மாமனார் வீட்டிலேயே அடைபட்டுக் கிடந்தவர் இவர். விதவைக்குரிய கட்டுப்பாடுகள் கிறித்தவக் குடும்பங்களிலும் தொடர்ந்தமைக்கு இவர் வாழ்க்கை சான்றாகும். குழுவிலிருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நகைகளைக் கழற்றினர். நகை குடும்பத்தின் மதிப்பைக் காட்டுவது என்பதால் உறவினரிடையே பெரும் சலசலப்பு உண்டாயிற்று.

இக்காலத்து அனுபவங்களை ஏமி ஒரு நூலாக எழுதி அனுப்பினார். வெற்றிகளைவிடத் தோல்விகளே மிகுதியாக இருந்ததால், மகிழ்ச்சியூட்டும்படி மாற்றுமாறு கூறி அது திருப்பப்பட்டது. இவர் மாற்றவில்லை. உள்ளது உள்ளபடி என்னும் பொருள்படும் தலைப்பிலேயே 1903-இல் அந்நூல் வெளிவந்தது. மறைப்பணி பற்றிய அக்கால நூல்கள் பெரும்பாலும் நன்கொடை திரட்டும் நோக்குடன் எழுதப்பட்டவை. அவற்றோடு ஒப்பிட இதன் துணிவு புலப்படும்.

பிரீனாவும் குழந்தைகள் இல்லமும்

1901 மார்ச்சு மாதம் பிரீனா என்னும் ஏழு வயதுச் சிறுமி, கோயிலுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பெண்கள் வாழ்ந்த வீட்டிலிருந்து தப்பி பண்ணைவிளைக்கு வந்தாள். அதற்கு முன்னும் ஒருமுறை தப்பித் தாயிடம் ஓடியவள். அச்சத்தால் தாயே அவளைத் திருப்பி ஒப்படைத்தாள். தண்டனையாகச் சிறுமியின் கைகளில் சூடு போடப்பட்டது. இம்முறை கிறித்தவப் பெண் ஒருவர் அவளைக் கண்டு, மறுநாள் காலையில் ஏமியிடம் அழைத்துவந்தார். ஏமியின் மடியில் ஏறி அமர்ந்த சிறுமி, தான் கண்டவற்றையும் கேட்டவற்றையும் பொம்மையைக் கொண்டு நடித்துக் காட்டினாள். அதுவரை இம்முறையைப் பற்றி ஏமி அறிந்தவை செவிவழிச் செய்திகளே.

இதன்பின் மூன்றாண்டுகள், இத்தகைய குழந்தைகள் எவ்வாறு கைமாறுகின்றனர் என்பதை ஏமி விசாரித்து வந்தார். தோலில் காப்பிச் சாயம் பூசிக்கொண்டு யாத்திரிகைபோல் சென்றதாகவும் சொல்லப்படுகிறது. 1904 மார்ச்சில் முதல் கைக்குழந்தை வந்தது. அவ்வாண்டிலேயே இல்லத்தில் பதினேழு குழந்தைகள் இருந்தனர். 1913-இல் இத்தொகை நூற்று முப்பதை எட்டியது.

இல்லம் அமைந்த டோனாவூர், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், களக்காட்டுக்கு அருகே உள்ளது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சார்லஸ் இரேனியஸ் ஐயர் காலத்தில், பிரசியாவைச் சேர்ந்த டோனா பிரபுவின் பொருளுதவியால் உருவான கிறித்தவக் குடியிருப்பு இது. ஊரின் பெயரில் உள்ள டோனா அப்பிரபுவே.

தொடக்க ஆண்டுகள் துயரமானவை. தாய்ப்பால் இல்லாத கைக்குழந்தைகளைப் பேணுவதில் யாருக்கும் அனுபவமில்லை. பக்கத்தில் மருத்துவர் எவரும் இல்லை. குழந்தைகள் பலர் இறந்தனர். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நெய்யூரில் இருந்த இலண்டன் மிஷன் மருத்துவமனைக்கு அருகே ஒரு கிளை இல்லம் அமைத்து, பொன்னம்மாள் நலிந்த குழந்தைகளுடன் அங்கே தங்கினார். பிற்காலத்தில் பொன்னம்மாளுக்குப் புற்றுநோய் கண்டது. 1915-இல் அவர் இறந்தார். அவருடைய வாழ்க்கையை ஏமி தனி நூலாக எழுதினார்.

ஊர் ஊராகச் சென்று போதித்த ஒருவர் தொட்டில் ஆட்டிக்கொண்டு ஓரிடத்தில் அடைபட்டது மறைப்பணியாளர் சிலருக்குப் பிடிக்கவில்லை. பிள்ளை தாயின் காலைக் கட்டும் என்ற கருத்துள்ள தமிழ்ப் பழமொழியை ஏமி அடிக்கடி நினைவுகூர்ந்தார். இயேசு சீடரின் கால்களைக் கழுவியதைச் சுட்டி, இவ்வேலையும் அத்தகையதே என்று தம் துணையாளருக்கு விளக்கினார். ஐரோப்பியரும் தமிழரும் ஒருசேர உழைக்க வேண்டும், சாதி பார்க்கலாகாது, எவருக்கும் சம்பளமில்லை, யாரிடமும் பணம் கேட்கலாகாது என்பன இல்லத்தின் விதிகள். 1916-இல் மணமின்றிப் பணிபுரிய முன்வந்த பெண்களைக் கொண்டு ஒரு சகோதரியர் குழுவும் அமைந்தது. 1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர்.

1919-இல் ஆங்கில அரசு இவருக்குக் கெய்சர்-இ-ஹிந்து பதக்கம் அளித்தது. இவர் தயக்கத்துடனேயே அதனை ஏற்றார். வழங்கும் விழாவுக்குச் செல்லவில்லை. 1927-இல் நிறுவனம் டோனாவூர் ஐக்கியம் என்ற பெயரில் பதிவு செய்யப்பட்டது. மரே வெப்-பெப்ளோ என்னும் மருத்துவரின் வருகைக்குப் பின், சுற்றுவட்டாரக் கிராமத்தாருக்காக பரம சுக சாலை என்ற மருத்துவமனை எழுந்தது.

மிமோசா

ஏமியின் நூல்களுள் 1924-இல் வெளிவந்த மிமோசா தனித்து நோக்கத்தக்கது. மிமோசா என்பது புனைபெயர். டோனாவூரில் இருந்த தன் அக்காளை அழைத்துப்போகத் தந்தை வந்தபோது, உடன்வந்த சிறுமி இவள். ஒரு பிற்பகல் மட்டுமே அங்கே இருந்தாள். கடவுள் தன்னை நேசிக்கிறார் என்ற அளவில் ஏதோ கேட்டாள். தங்கிப் படிக்க விரும்பியவளைத் தந்தை அழைத்துச் சென்றுவிட்டார். படிக்கத் தெரியாதவளாகையால் அவளிடம் புத்தகம் எதுவும் கொடுத்தனுப்பப்படவில்லை.

அதன்பின் 22 ஆண்டுகள் அவளைப் பற்றித் தகவலில்லை. திருமணத்தின்போது நிலபுலன் உள்ளவன் எனச் சொல்லப்பட்ட கணவன் கடனாளி எனப் பின்னரே தெரிந்தது. நகைகளை விற்றுக் கடனை அடைத்தாள். வயலில் கூலி வேலை செய்தாள். உடன்பிறந்தவரும் ஏமாற்றினர். நோயும் பிள்ளையின் சாவும் வந்தன. நீ வேறு சாமியைக் கும்பிட்டதால் வந்த வினை என ஊரார் கூறினர். மிமோசா அந்த ஒரு பிற்பகலில் கேட்டதை விடவில்லை. சோர்ந்த வேளைகளில் வெட்டவெளியில் நின்று, முந்தானையை ஏந்தி, தன் பெயர் சொல்லத் தெரியாத கடவுளிடம் பலம் கேட்டாள் என ஏமி எழுதுகிறார். இறுதியில் தன் புதல்வர்களுடன் டோனாவூர் வந்து சேர்ந்தாள்.

இந்நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. மதமாற்றத்தை வெற்றிக்கதையாகக் கூறும் வழக்கமான நூல் அன்று இது. 22 ஆண்டுகளில் மறைப்பணியாளர் எவரும் அவளைத் தேடிச் செல்லவில்லை என்பதை ஏமி மறைக்கவில்லை. தம் குழுவினர் ஆற்றியது ஒரு பிற்பகல் பேச்சு மட்டுமே என்பதும் நூலிலேயே வெளிப்படையாக உள்ளது.

விபத்தும் நோய்ப்படுக்கையும்

1931 செப்டம்பர் 24 அன்று, களக்காட்டில் மருந்தகப் பணிக்காக ஆயத்தமாகி வந்த வீட்டைப் பார்வையிட ஏமி சென்றார். பொழுது சாய்ந்திருந்தது. கழிப்பிடத்துக்காகத் தவறான இடத்தில் தோண்டப்பட்டிருந்த குழியை இவர் கவனிக்கவில்லை. உள்ளே விழுந்ததில் கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகெலும்பும் பாதிப்புற்றது. லாரியில் படுக்கவைத்து நெய்யூர் மருத்துவமனைக்கு இரவோடிரவாகக் கொண்டு சென்றனர். அப்போது இவருக்கு வயது அறுபத்து மூன்று. சில வாரங்களில் நடக்கலாம் என்றே எல்லோரும் எண்ணினர். அது நடக்கவில்லை. மூட்டுவலி, நரம்பு வலி, தூக்கமின்மை எனத் தொல்லைகள் சேர்ந்தன. எஞ்சிய வாழ்நாளில் தம் அறையையும் அதன் தாழ்வாரத்தையும் தாண்டி இவர் சென்ற நாட்கள் மிகச் சிலவே.

இதற்கு முன் நோயுற்றோருக்கு ஆறுதல் கூறியவர் நலமாயிருந்த ஏமி. இப்போது தமக்கு அனுப்பப்பட்ட ஆறுதல் நூல்களைப் படித்தபோது ஒன்று புலப்பட்டது. அவற்றுட் பெரும்பாலானவை உடல்நலத்துடன் இருப்போர் நோயாளிக்கு எழுதியவை. நல்லெண்ணம் கொண்டவையே, ஆனால் வலியில் கிடப்பவரிடம் அவை சென்று சேரவில்லை. பணிவோடு ஏற்றுக்கொள், இதுவும் நன்மைக்கே என்னும் அறிவுரைகள் இரவு இரண்டு மணிக்கு வலி தாங்காதவருக்குப் பயன்படவில்லை என்பதை ஏமி தயக்கமின்றி எழுதினார். டோனாவூர் நண்பர்களுள் நீண்டகால நோயாளிகளாக இருந்தோருக்கு இவர் எழுதிய கடிதங்கள் தொகுக்கப்பட்டு 1933-இல் ரோஸ் பிரம் பிரையர் என நூலாயின. முட்செடியிலிருந்து ரோஜா என்பது தலைப்பின் பொருள். வலி ஆறியபின் எழுதினால் அதன் கூர்மை மறந்துபோகும் என்பதால், வலி இருக்கும்போதே எழுதியவற்றை அப்படியே வெளியிட இசைந்தார்.

இந்நூலின் சிறப்பு அதன் அளவான நோக்கில் உள்ளது. நோய் ஏன் வருகிறது என்பதற்கு அது விடை கூற முயலவில்லை. நோயைக் கடவுள் அனுப்பும் தண்டனை எனவும் சொல்லவில்லை. விசுவாசம் இருந்தால் குணமாகும் என்ற உறுதியையும் தரவில்லை. டோனாவூரில் இவருக்காக ஏறெடுக்கப்பட்ட மன்றாட்டுகள் ஏராளம். அவற்றுக்குப் பின்னும் தாம் எழுந்து நடக்கவில்லை என்பதை நோயாளிகளிடம் ஒளிக்க இவர் விரும்பவில்லை. மாறாக, பிறருக்குச் சுமையாகிவிட்டோம் என்ற எண்ணம், வேலை செய்ய இயலாத வெட்கம், பார்க்க வருவோரின் பேச்சால் ஏற்படும் சோர்வு போன்ற சிறிய, உண்மையான துன்பங்களைப் பற்றி எழுதினார். அவற்றினூடே கிறித்து உடனிருப்பதைத் தாம் உணர்ந்த அளவுக்கு மட்டும் கூறி நிறுத்திக்கொண்டார். 1935-இல் வெளிவந்த கோல்ட் பை மூன்லைட் நூலும் துன்பத்தைப் பற்றியதே. அன்பைக் குறித்த சிறு நூலான இஃப் 1938-இல் வந்தது. இவர் எழுதிய நூல்கள் முப்பத்தைந்துக்கு மேற்பட்டவை. அவற்றுள் கணிசமானவை படுக்கையில் எழுதியவை.

அறையில் இருந்தபடியே இல்லத்தின் நடப்புகளை இவர் கவனித்தும் வந்தார். நாள்தோறும் குழந்தைகளுக்கும் பணியாளருக்கும் சிறு குறிப்புகள் எழுதுவார். பிறந்தநாளன்று குழந்தைகள் வந்து பார்ப்பது வழக்கம். 1939-இல், சிறுமியாக வந்து தம்மோடு வளர்ந்தவரும் தமக்குப் பின் பொறுப்பேற்பார் என எதிர்பார்க்கப்பட்டவருமான அருளாய் இறந்தார். 1948-இல் ஏமி அறைக்குள் மறுபடியும் விழுந்தார். அதன்பின் எழுந்திருக்கவே இயலவில்லை. 1949-இல் கோட்பிரே வெப்-பெப்ளோ இறந்தது மற்றோர் இழப்பு.

விமர்சனங்கள்

ஏமியின் பணி வாழ்நாளிலேயே எதிர்ப்பைச் சந்தித்தது. குழந்தைகளைக் குடும்பத்தாரிடமிருந்து பிரித்தார் என்பது முதன்மையான குற்றச்சாட்டு. நீதிமன்ற வழக்குகளும் நடந்தன. 1911-இல் ஒரு சிறுமியைத் தாயிடம் திருப்பி அனுப்பும்படி தீர்ப்பாயிற்று. தீர்ப்புக்கு முன்னரே சிறுமி ஏமியின் நண்பர்கள் வழியே வேறிடம் கொண்டுசெல்லப்பட்டிருந்தாள். இச்செயலைச் சட்டத்தின் பார்வையில் நியாயப்படுத்துவது கடினம். அச்சிறுமியை அனுப்பியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்ற கேள்வியையும் விலக்கிவிட இயலாது.

தேவதாசி முறையைப் பற்றிய இவருடைய எழுத்து, இழிவும் இருளும் என்ற ஒரே நோக்கில் அமைந்தது. அம்மரபில் வந்த பெண்களின் இசை, நடனம், சொத்துரிமை போன்றவற்றை இவர் காணவில்லை. பின்வந்த ஆய்வாளர்கள் பலர் இதனைச் சுட்டியுள்ளனர். இந்து சமயத்தைப் பற்றிய இவர் சொற்கள் சில இன்று படிக்க உறுத்தலாக உள்ளன. ஆயினும் அம்முறையில் சிறுமியர் பட்ட துன்பம் வெளியாரின் கற்பனையன்று. இசைவேளாளர் மரபில் தோன்றிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் வெளியிட்ட தாசிகள் மோசவலை என்னும் புதினமும், மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் எடுத்த முயற்சிகளும் அத்துன்பத்துக்குச் சான்று பகர்வன. முத்துலட்சுமியும் ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் அமைத்தார். பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் சென்னை மாகாணச் சட்டம் 1947-இல் நிறைவேறியது. ஏமி அப்போது உயிருடன் இருந்தார். இச்சட்டத்தின் பெருமை முதலில் உள்ளூர்ச் சீர்திருத்தவாதிகளுக்கே உரியது.

ஏமியுடன் பணிபுரிவது எளிதாக இருக்கவில்லை என்பதும் பதிவாகியுள்ளது. பிற்காலத்தில் திருநெல்வேலி பேராயரான ஸ்டீபன் நீல், 1924-இல் டோனாவூர் வந்து, கருத்து வேறுபாட்டால் விரைவிலேயே வெளியேறினார். இல்லம் வெளியுலகோடு அதிகம் கலவாமல் தனித்து இயங்கியதும், முடிவுகள் பெரிதும் ஏமி ஒருவரைச் சார்ந்திருந்ததும் குறைகளாகக் கூறப்பட்டன.

இறப்பும் நினைவும்

1951 ஜனவரி 18 அன்று தம் எண்பத்து மூன்றாம் வயதில் டோனாவூரில் ஏமி காலமானார். இவருடைய வாழ்க்கை வரலாற்றைப் பிராங்க் ஹோட்டன் 1953-இலும், எலிசபெத் எலியட் 1987-இலும் எழுதினர். ஈக்வடார் காட்டில் 1956-இல் கணவரைப் பறிகொடுத்த எலியட், இளமையிலேயே ஏமியின் நூல்களைப் படித்தவர். எலியட்டின் நூல் வழியாகவே அமெரிக்க வாசகர் பலர் டோனாவூரை அறிந்தனர்.

டோனாவூர் ஐக்கியத்தை இன்று இந்தியரே நடத்தி வருகின்றனர். மருத்துவமனையும் குழந்தைகள் இல்லமும் தொடர்கின்றன. தமக்குக் கல்லறைக் கல் வைக்கலாகாது என ஏமி கேட்டுக்கொண்டிருந்தார். வளாகத்துக்குள் மரங்களினடியில் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில், பறவைகள் நீர் அருந்தும் கல் தொட்டி ஒன்றைக் குழந்தைகள் வைத்தனர். அதில் அம்மா என்று மட்டும் பொறிக்கப்பட்டுள்ளது.